மைசூரில் படிக்கிற பிள்ளை

ஆஞ்சலா பக்கத்து வீட்டுக்குப் போனது உண்மையைச் சொல்வதற்கு. திரும்பி வந்தது ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு. பிரிஜெட் கதவைத் திறந்து "என்ன ஆஞ்சலா, காலையிலயே?" என்று சிரித்தாள். ஆஞ்சலா வேறு எதுவும் தோன்றாமல் கறிவேப்பிலை கேட்டாள். தன் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு கட்டு அப்படியே இருந்தது.

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். என் பையன் பத்தாவதில் ஃபெயில். கிளிஃபர்ட் பத்தாவது பாஸாகி மைசூரில் பி.யூ.சி. படிக்கிறான் என்று இரண்டு வருடமாக லிங்கராஜபுரத்தில் அந்தத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அவன் இருந்தது ஊரின் மறுகோடியில், சந்தாபுராவில், அவளுடைய தம்பி டிரேவர் வைத்திருக்கும் வாட்டர் சர்வீஸ் கடையில். காலை முதல் சாயங்காலம் வரை காரும் பைக்கும் கழுவிக்கொண்டிருந்தான்.

வேறு வீட்டுப் பிள்ளை ஃபெயிலாகியிருந்தால் இவ்வளவு மானக்கேடு இல்லை. ஆஞ்சலா டியூஷன் மிஸ். கணவர் மைக்கேல்ராஜ் மாரடைப்பில் போன பிறகு சோறு போடுவது அந்த டியூஷன்தான். கேட்டில் தொங்கும் பலகையில், எஸ்.எஸ்.எல்.சி. கணக்கு, அறிவியல், நூறு சதவீதத் தேர்ச்சி என்று எழுதியிருக்கிறது. ரிசல்ட் வந்த அன்றைக்கே அதைக் கழற்றியிருக்க வேண்டும். சொந்தப் பிள்ளை அந்தச் சதவீதத்தில் சேராது என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!

சப்ளிமென்டரியிலும் அவன் தேறவில்லை. மறுவாரமே மாமா வீட்டுக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். என்ன குரூப் என்று கேட்டால் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ். தங்குவது ஹாஸ்டலில். பத்து வருடம் முட்டி மோதியும் ஒரு சூத்திரம் மண்டையில் ஏறாதவன் இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோவில் வாசலில் யார் கேட்டாலும் பிசகாமல் சொன்னான். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ராணுவத்துக்கு விண்ணப்பித்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. எட்டாவது பாஸாகியிருந்தால் போதும் என்று ஒரு வேலை இருக்கிறதாம். கடைக்குப் போகுமுன் இருட்டோடு எழுந்து ஓடிப் பழகி, பரீட்சை எழுதி, ஓட்டத்தில் தேறி, மெடிக்கலும் முடிந்த பிறகுதான் போன் செய்தான். "மெஸ்ஸுல வேலைமா. பரிமாறணும், பெருக்கணும், கழுவணும். யூனிஃபார்ம் உண்டு" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கேட்டு வருடக்கணக்காகிறது. அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் அடுத்த நிமிடமே புத்தி வேறு பக்கம் ஓடியது. ஆர்மி என்று மட்டும் சொன்னால் போதும், என்ன வேலை, என்ன படிப்பு என்று யார் கேட்கப்போகிறார்கள்?

போலீஸ் கேட்கும். அதைத்தான் இன்று காலை அவன் போனில் சொன்னான்.

"சாயங்காலம் ஸ்டேஷன்லருந்து வெரிஃபிகேஷனுக்கு வருவாங்கமா. பக்கத்து வீட்ல விசாரிப்பாங்க. நான் எட்டாவதுன்னு குடுத்திருக்கேன். அவங்க மைசூரு, பி.யூ.சி.ன்னு சொல்லிட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். பிரிஜெட் ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லிடுமா. மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். மாமாகிட்ட பர்மிஷன் கேட்டுட்டு நானும் வந்துர்றேன்."

மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். அவளுக்காகத்தான் அதையும் சொன்னான்.

சாயங்காலம் ஹாலில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கான்ஸ்டபிள் வந்தார். கன்னடத்தில் ஆரம்பித்தவர், அவள் தடுமாறியதைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். "பக்கத்துல ரெண்டு பேரு சொன்னா போதும் மேடம், அஷ்டே" என்றார். கேட்டருகே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் நின்றிருந்தார்கள். ஆஞ்சலா ஒரு எட்டு முந்திப் போய்ப் பிரிஜெட்டின் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். அம்மாக்களைப் பார்த்துத் தயங்கினாள். அதற்குள் பிரிஜெட்டே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"கிளிஃபர்டா? தங்கமான பையன் சார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. மைசூர்ல பி.யூ.சி. படிக்குது, சயின்ஸ் குரூப்பு."

கான்ஸ்டபிள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு ஆஞ்சலாவைப் பார்த்தார். "இல்லி, இதுல எட்டாவது பாஸ்னு இருக்கு. எது நிஜம் மேடம்?"

பிள்ளையின் வேலை அந்தப் பேனா நுனியில் நின்றது. "எட்டாவதுதான் சார்" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

"ஏனு? என்ன சொன்னீங்க?"

"எட்டாவதுதான் பாஸ். பத்தாவது ரெண்டு தடவை ஃபெயில். மைசூர்ல இல்ல சார், சந்தாபுராவுல வண்டி கழுவுறான். மைசூருன்னு பொய் சொன்னது நான்தான்." பாடம் நடத்துகிற குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்துவிட்டது. உள்ளே பிள்ளைகளின் முணுமுணுப்பு நின்றுபோனது.

கான்ஸ்டபிள் பிரிஜெட் பக்கம் திரும்பினார். "தெரியாத விஷயத்தை நீங்க ஏம்மா சொல்றீங்க?"

"தெரியும் சார்" என்றாள் பிரிஜெட். அவள் ஆஞ்சலாவைப் பார்க்கவில்லை. "போன வருஷமே எங்க வீட்டுக்காரரு அந்தக் கடையிலதான் கார் கழுவ விட்டாரு, பையனைப் பாத்துட்டு வந்து சொன்னாரு. இவங்க மைசூருன்னாங்க, நாங்களும் மைசூருன்னோம். அவங்க மனசு நோகக் கூடாதில்ல."

ஆஞ்சலா கேட்டருகே நின்ற ருக்மிணியைப் பார்த்தாள். இரண்டு பெண்களை டியூஷனுக்கு அனுப்புகிறவள். ருக்மிணி சட்டென்று தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள். அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள், தெரிந்தேதான் கோவில் வாசலில் அவனை விசாரித்திருக்கிறார்கள். இரக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் நடுவே தன் பிள்ளையை நிறுத்தி ஒப்பிக்கவைத்திருக்கிறாள். பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

கான்ஸ்டபிள் எழுதினார். பிரிஜெட்டிடமும் ருக்மிணியிடமும் கையெழுத்து வாங்கினார். "பையன் மேல கேஸ் ஏதும் இல்ல. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். யாரும் நகரவில்லை. ஒரு வார்த்தை பேசினால் போதும், கலைந்துபோகலாம்.

அப்போதுதான் தெருமுனையில் கிளிஃபர்ட் வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்திருக்க வேண்டும், மூச்சிரைத்தது. இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால் பையின் வாரைப் பிடித்திருந்தான். கேட்டருகே அம்மாக்களைப் பார்த்ததும் ஓட்டத்தை நடையாக்கிக்கொண்டான்.

ருக்மிணிக்கு வேறு வழி தெரியவில்லை. "வா தம்பி. இப்பதான் வர்றியா?"

"ஆமா ஆன்ட்டி. மைசூர் பஸ் லேட்டு" என்றான் கிளிஃபர்ட். "நாளைக்கு லேப் இருக்கு, நைட்டே திரும்பிப் போகணும்."

யாரும் நிமிரவில்லை. அவன் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். ஏதோ குறைகிறது என்று நினைத்தானோ என்னவோ, "கெமிஸ்ட்ரி லேப்" என்று சேர்த்துக்கொண்டான். பிறகு, பலகையில் விடை எழுதிவிட்டுத் திரும்புகிற பையனைப் போல, சரிதானா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.