பாதி வெட்டில் நின்ற மரம்

ஐந்து எல்ம் மரங்களை வெட்டிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு ஜெர்மன்காரனுடையது, ஆளும் கோடாலியும் ஊருடையவை. யுத்தத்தில் பிரான்சுக் கரையோரக் கர்ன்சி தீவில் அவன் பட்டாளம் வந்து இறங்கிய நாள் முதல் இப்படித்தான். அவர்கள் கேட்பார்கள், தீவின் சபை தலையாட்டும், டோஸ்டவின் என்ற ஊர்த்தலைவர் கையைக் காட்டுவார், டேனியல் கெரிபெல் போய் வெட்டுவான்.

டேனியல் ஊருக்குச் சாலைக்கூலி. அந்த வேலை இருக்கும்வரை விமானத்தளத்தில் ஜெர்மன்காரனுக்குக் காங்கிரீட் போடப் போகவேண்டியதில்லை. ஊர்வேலை இல்லாதவனை லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். போய்வந்த அவன் மச்சான் இப்போதெல்லாம் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால் டேனியல் எந்த வேலைக்கும் மாட்டேன் என்று சொன்னவனில்லை.

மரங்கள் ரேச்சல் ஓஜியரின் வேலியில் நின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் சந்து, அந்தப் பக்கம் அவளுடைய கண்ணாடி வீடு. முன்பு அதில் தக்காளி விளைந்து இங்கிலாந்துக்குப் போனது. இப்போது பீன்ஸ், அதைத்தான் அவள் தின்றாள். கடல்காற்றை அந்த ஐந்து மரங்கள்தான் தடுத்தன.

டேனியல் முதல் மரத்தைச் சந்துப் பக்கம் சாயும்படி வெட்டினான். பாதிக்கு மேல் இறங்கியபோது ரேச்சல் வந்தாள். அண்டை வீட்டார் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவந்திருந்தாள். தலைத்துணியைக் கழற்றிவிட்டுச் சேற்றில் முழங்காலிட்டாள். பழைய பிரெஞ்சில் கத்தினாள்.

"ஹாரோ, ஹாரோ, ஹாரோ. என் பிரபுவே, துணைக்கு வா, எனக்கு அநியாயம் செய்யறாங்க."

பிறகு பரமண்டல ஜெபத்தைச் சொன்னாள். டேனியலின் கை கோடாலியைக் கீழே வைத்துவிட்டது. அவன் யோசித்து வைக்கவில்லை. டோஸ்டவினும் தொப்பியை எடுத்துவிட்டார்.

கூட நின்ற ஜெர்மன் நிர்வாக அதிகாரி வைன்ஹோல்ட் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன இது, பூசையா?"

"வழக்குங்க," என்றார் டோஸ்டவின். "சொத்துல கைவச்சா இப்படிக் கூப்பிடலாம். கூப்பிட்டா வேலை நின்னுடணும். கோர்ட்டு கேக்கிறவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது."

"யாரைக் கூப்பிடுது அந்தம்மா?"

"நார்மண்டி பிரபுவைங்க."

"அவர் எங்க இருக்கார்?"

"செத்து ஆயிரம் வருஷம் ஆச்சுங்க."

வைன்ஹோல்ட் தன் ஊரில் நகராட்சி குமாஸ்தாவாக இருந்தவர். தீவின் சட்டங்கள் அப்படியே செல்லும் என்று சுவர்சுவராக ஒட்டியதும் அவர் அலுவலகம்தான். கொஞ்சநேரம் மோவாயைத் தடவினார். "சரி, கோர்ட்டு சொல்லட்டும்," என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் காற்று திரும்பியது. காலையில் நிலத்திலிருந்து அடித்தது, இப்போது கடலிலிருந்து. வெட்டுவாயில் மரம் முனகியது.

"அண்ணே, கண்ணாடி மேலதான் சாயும் போலிருக்கு," என்றான் டேனியல். "ஆப்பு வச்சு நாலு போடு போட்டா சந்துல தள்ளிடலாம்."

"தொடாதே. நாளைக்குத்தான் கோர்ட்டு."

"நாளைக்கு வரைக்கும் நிக்காதுண்ணே."

"உனக்குச் சொன்னாப் புரியாதா? ஹாரோவை உடைச்சவனை ஊர்வேலையில வச்சுக்க மாட்டாங்கப்பா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

டேனியல் ரேச்சலிடம் போனான். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை வாபஸ்னு சொல்லுங்க."

"சொன்னா எனக்கு அபராதம். மத்த நாலும் போயிடும்." முழங்கால் சேற்றை வழித்து எறிந்தாள். "வெட்ட வந்தப்ப எங்கடா போச்சு இந்த அக்கறை?"

"அப்ப காத்து நேரா இருந்துச்சு."

"நல்லாப் பேசுறே."

சாட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மரம் மறுபடி முனகியது. ரேச்சல் கண்ணாடி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பீன்ஸ் கொடி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள்.

டேனியல் கோடாலியை எடுத்தான்.

"டேய்," என்றார் டோஸ்டவின்.

கண்ணாடிப் பக்கத்து வெட்டில் ஆப்பை வைத்துக் கோடாலியின் பின்புறத்தால் அடித்தான். ஒன்று போதவில்லை, இரண்டாவது ஆப்பையும் இறக்கினான். காற்று கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, மிச்சத்தையும் வெட்டினான். மரம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு சந்தில் நீளமாக விழுந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

ரேச்சல் விழுந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"நாளைக்குக் கோர்ட்டுல உன் பேரைச் சொல்லுவேன்டா."

"சொல்லுங்க."

"சொல்லாம விட முடியாது. உடைச்சவனை விட்டுட்டா, அப்புறம் ஹாரோன்னு கத்தி என்ன பிரயோசனம்? அந்தாளு சைக்கிள்ல திரும்பி வந்துடுவான்."

"தெரியும்க்கா."

கோர்ட்டு அதிக நேரம் எடுக்கவில்லை. ரேச்சல் கூப்பிட்டது செல்லும், மிச்ச நாலு மரத்தைத் தொடக்கூடாது என்றது. ஹாரோவை மீறியதற்காக டேனியலுக்கு அபராதம். ஏன் மீறினாய் என்று கேட்டதற்கு, காற்று மாறிவிட்டது என்றான். அதை யாரும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. வைன்ஹோல்ட் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, பக்கத்து ஊரில் வேறு மரம் பார்த்துக்கொண்டார். சந்தில் கிடந்ததை மட்டும் வண்டி வைத்து எடுத்துப் போனார்கள். ஊர்ச்சபை கூடி டேனியலை வேலையிலிருந்து நீக்கியது. டோஸ்டவின் அதை வீட்டுக்கே வந்து சொன்னார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை விமானத்தளத்து லாரிக்காக டேனியல் முக்கில் நின்றான். ரேச்சல் மூடியிட்ட மண்சட்டியோடு வந்தாள். அடுப்பில் ராத்திரி முழுக்க வைத்த பீன்ஸ்.

"சட்டியைத் திருப்பிக் கொடுத்துடு," என்றாள்.

"லாரி சாயங்காலம் எப்ப விடுமோ."

"எப்ப விடுதோ அப்பக் கொடு."

அவள் போனபின் நின்றபடியே சாப்பிட்டான். உப்புக்குப் பதில் கடல்தண்ணீர் விட்டு வேகவைத்திருந்தாள். கரிப்பு கொஞ்சம் தூக்கல். லாரி வருவதற்குள் சட்டியை வழித்துவிட்டான்.