ஏழாவது ஹோல்டர்

சந்தேகப் புத்தி எனக்குக் கூடவே பிறந்தது என்று அக்கா சொல்வாள். இருக்கட்டும். எல்லாவற்றையும் நம்புகிறவளுக்கு இருட்டறையில் என்ன வேலை? கதவிடுக்கில் வெளிச்சம் கசிகிறதா, கரைசல் சூடாகிவிட்டதா, பெட்டியை ஒழுங்காக மூடினோமா என்று பத்துத் தரம் பார்க்கிறவள் நான். பத்தொன்பது வருஷத்தில் என் கையால் ஒரு ஃபிலிம் வீணானதில்லை. இதை என் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார் என்பதால் நானே சொல்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோவில் ஆள் உருவப் படம் மட்டும்தான். பெரிய மரக் கேமரா, துருத்தி வைத்தது. ஒரு ஃபிலிம் நோட்டுப் புத்தகத் தாள் அளவு இருக்கும். ஒரு தரம் எடுக்க ஒரு தாள், அவ்வளவுதான். இவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் ஆளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார். எனக்கு மற்றதெல்லாம். இருட்டறையில் ஃபிலிமை ஹோல்டரில், அதாவது கேமராவில் செருகும் தட்டையான மூடிப் பெட்டியில், போடுவது, கழுவுவது, பிரிண்ட் போடுவது. படம் எடுக்கும்போது இருட்டறை வாசலில் நின்று விநாடி எண்ணுவதும் நான்தான். "கேமராவைப் பார்க்காதீங்க, அவளைப் பாருங்க" என்பார் இவர். அதனால் எங்கள் படங்களில் எல்லாருமே கொஞ்சம் வலப்பக்கம் பார்த்தபடி இருப்பார்கள்.

இவருக்கு ஃபிலிம் போடத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "இருட்டுல கையும் ஓடல, காலும் ஓடல" என்று எழுந்து வந்தவர்தான். அதன் பிறகு தொட்டதில்லை.

இதனால்தான் என் கழுத்தில் சுருக்கு விழுந்தது. வேறொரு ஊரில் ஓர் ஆவணக் காப்பகம். அங்கே ஆயிரக்கணக்கில் பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் கிடக்கின்றனவாம். எல்லாவற்றுக்கும் பிரிண்ட் போட இரண்டு வருஷத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். இவருக்குத் தெரியாமல் நான் விண்ணப்பம் போட்டேன், அக்கா வீட்டு விலாசம் கொடுத்து. எடுத்துக்கொண்டோம், மாசக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்று கடிதம் வந்துவிட்டது. எனக்குப் போக வேண்டும். அடக்க மாட்டாத ஆசை. ஆனால் நான் போய்விட்டால் இந்த மனுஷன் ஒரு ஃபிலிம்கூடப் போட முடியாமல் ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டியதுதான். சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மூன்று வாரம் ஓட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏழாவது ஹோல்டரைக் கவனித்தேன்.

ஹோல்டர் மூடியின் விளிம்பில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே இருப்பது புது ஃபிலிம். எடுத்து முடித்ததும் திருப்பிச் செருகுவோம், கறுப்பு தெரியும். ஏழாவதின் மூடி இறுக்கம், விரலைக் கடிக்கும். அதனால் அதை நான் காலியாகவே அலமாரிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை தூசி தட்டக் குனிந்தால், அது கறுப்பு விளிம்போடு என்னைப் பார்க்கிறது.

யாரோ ஃபிலிம் போட்டிருக்கிறார்கள். யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை மத்தியானம் நான் அக்கா வீட்டுக்குப் போகும் நேரம். ஆக, நேற்று.

எனக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது. இருட்டறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து விரலால் எண்ணினேன். பதினெட்டு இருக்க வேண்டும். பதினைந்துதான் இருந்தது. வெளியே வந்து பார்த்தால் படம் எடுக்கும் அறையில், ஸ்டூலுக்குப் பக்கத்தில், துடைப்பம் சாய்ந்து நிற்கிறது. பத்தொன்பது வருஷத்தில் துடைப்பத்தைத் தொட்டறியாத மனுஷன் இவர். அப்படியானால் வந்தவள் பெருக்கிவிட்டு வேறு போயிருக்கிறாள். அடிப் பாவி!

இவர் அப்போதுதான் வந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

"என்ன விரல்ல?"

"காய் நறுக்கினேன்."

"நீங்களா?"

"ஏன், நான் நறுக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருட்டு முழி. என்னிடமே ஆட்டம் காட்டுகிறார்.

இவர் கடைக்குப் போன நேரத்தில் ஏழாவது ஹோல்டரை எடுத்துக்கொண்டு போய் இருட்டில் கழுவினேன். காலி ஹோல்டரை இருந்த இடத்திலேயே, அதே கறுப்பு விளிம்போடு வைத்துவிட்டேன். ஃபிலிம் காய்ந்ததும் விளக்கடியில் பார்த்தேன். படம் மிகவும் வெளிறிப்போய், சற்று மங்கலாக இருந்தது. எவள் எடுத்தாளோ, வெளிச்சம் கணிக்கக்கூடத் தெரியாதவள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது இவர்.

பிரிண்ட் போட்டேன். இவர் இடப்பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். ஊருக்கெல்லாம் வலப்பக்கம், இவருக்கு மட்டும் இடப்பக்கம், ஜன்னல் பக்கம். அங்கேதான் வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி. சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை. எனக்கு இப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. முகமே எனக்குப் பழகாத யாரோ ஒருவர் முகம் மாதிரி இருந்தது. வேறொருத்தியைப் பார்க்கும்போது புருஷன் முகம் இப்படித்தான் மாறும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

யார் அவள் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பல் டாக்டர். போன மாசம் படம் எடுத்துக்கொண்டவள். "தலைகீழாத் தெரியுமா? நானும் பார்க்கலாமா?" என்று துணிக்குள் தலையை விட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டவள். காத்திருந்தபோது அவள் உட்கார்ந்திருந்ததும் அந்த ஜன்னல் நாற்காலியில்தான். சனிக்கிழமை பிரிண்ட் விஷயமாக வந்தாள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்தேன்.

"சாருக்கு விரல் எப்படி இருக்கு?" என்றாள், பாவம்போல.

"விரலா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வியாழக்கிழமை வந்தேனே. நான்தான் பிளாஸ்திரி போட்டு விட்டேன். சார் சொல்லலையா?"

சார் சொல்லவில்லை. சார் காய் நறுக்கியதாகச் சொன்னார். அவளை வாசல்வரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

அன்று சாயங்காலம் இவர் அலமாரிக்கு அடியில் குனிந்து ஏழாவது ஹோல்டரை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. என்னைப் பார்த்தார். நான் பிரிண்ட் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்பை நகர்த்துகிற சத்தம் மட்டும்தான்.

எனக்கு வந்த ஆத்திரம் என்னவென்று சொல்லட்டுமா? துரோகம் ஒரு பக்கம் இருக்கட்டும். இவருக்காக நான் கையில் வந்த வேலையைத் தள்ளிப்போட்டு, ராத்தூக்கம் கெட்டு, மருகிக்கொண்டிருக்கிறேன். இவர் என்னடாவென்றால் என் இடத்துக்கு ஆளே பார்த்துவிட்டார். அவளும் எப்படியோ ஃபிலிம் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். காப்பகத்துக்கு வருகிறேன் என்று எழுதிப்போட்டுவிட வேண்டும், அதற்கு முன்னால் இவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்தேன்.

அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"அக்காவைக் கேட்டதாச் சொல்லு," என்றார். அக்கறை பொங்கி வழிந்தது.

பஸ் நிறுத்தம்வரை போய், இரண்டு பஸ்ஸை விட்டு, பின்வாசல் வழியாகத் திரும்பினேன். செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டேன். படம் எடுக்கும் அறையில் யாரும் இல்லை. ஸ்டூலின் மேல் துடைப்பம் நிமிர்த்திக் கட்டப்பட்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருட்டறைக் கதவு சாத்தியிருந்தது. காதை வைத்தேன்.

"வா, வா… மெதுவா. என் கண்ணுல்ல, உள்ள போ," என்று இவர் குரல். அப்புறம் ஒரு பெருமூச்சு. "சீக்கிரம், அவ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கதவை ஒரே உதையாக உதைத்திருக்க வேண்டும். கால் வரவில்லை. உள்ளே ஃபிலிம் வெளியில் இருந்தால் என்னாவது? குடும்பமே பாழாகிறபோதும் இந்தப் பாழாய்ப்போன கை, இருட்டறைக் கதவை மெல்லத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்தி, அடுத்திருந்த கறுப்புத் திரையை ஓரத்தில் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் விடவில்லை.

"யாரு?" என்றார் இவர்.

"உங்க பொண்டாட்டி. ஞாபகம் இருக்கா?"

"ஐயோ, லைட்டைப் போட்டுடாதே!"

"போடல. உள்ள வேற யாரு?"

"யாருமில்ல. நான்தான்."

"அதையும் பார்த்துடறேன்."

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தேடினேன். முதலில் அகப்பட்டது இவர் சட்டை. அப்புறம் சுவர், தொட்டி, தட்டுகள். மேஜைக்கு அடியில் குனிந்து துழாவினேன். வாளி உருண்டது.

"என்ன தேடறே?"

"பல் டாக்டரை."

"பல் டாக்டரா! இந்த மேஜைக்கு அடியிலயா?" இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் தும்மினார். "அவங்க பிரிண்ட் வாங்க வந்தப்ப இந்தச் சனியன் பிடிச்ச மூடி விரலைக் கடிச்சிடுச்சு. ரத்தத்தைப் பார்த்துட்டுக் கட்டு போட்டாங்க. அவ்வளவுதான்."

"அப்ப படம் எடுத்தது யாரு?"

"நான்தான். துடைப்பத்தை நிறுத்தி ஃபோகஸ் பண்ணிட்டு, அப்புறம் நானே போய் உட்கார்ந்து, கேமராவுல நீளக் குழாய்ல மாட்டியிருக்கிற அந்த ரப்பர் பந்தை அமுக்கினேன். ஆள் வேணும்ல, எடுத்துப் பார்க்க."

நான் இவர் கையைப் பிடித்தேன். பிளாஸ்திரி போட்ட விரல். அதில் ஒரு ஃபிலிம், வியர்வையில் ஈரமாக. எந்த ஃபிலிமுக்கும் ஒரு மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். அது வலது மேல் மூலையில் தட்டுப்பட்டால் மருந்து பூசிய பக்கம் நம்மைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். இவர் பிடித்திருந்த ஃபிலிமில் வெட்டு இடது மூலையில் இருந்தது.

"திருப்பிப் போடறீங்க. மருந்துப் பக்கம் பின்னால போகுது."

"அப்படியா? போன வாரமும் ரெண்டை வீணாக்கிட்டு, இப்படித்தான் போட்டேன்."

அப்படிப் போட்டால் வெளிச்சம் ஃபிலிமின் முதுகு வழியாகத்தான் நுழையும். படம் வெளிறும், மங்கும், இடமும் வலமும் மாறிவிடும். இது எனக்குத் தெரியாததா? தெரிந்தவள்தான் அந்த நெகட்டிவை முழு ராத்திரி வைத்துப் பார்த்தேன். பார்த்தது என் சந்தேகம், கண்ணில்லை. இவர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. வலப்பக்கம் பார்த்திருக்கிறார், இருட்டறை வாசலை. நான் நின்று விநாடி எண்ணுகிற இடத்தை. ஆளில்லாத அந்த இடத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்திருக்கிறார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இப்ப எதுக்கு இந்த வயசுல ஃபிலிம் போடக் கத்துக்கறீங்க?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"காப்பகத்துலேர்ந்து போன் வந்துச்சு. அக்கா வீட்டுல யாரும் எடுக்கலன்னு, விண்ணப்பத்துல இருந்த ஸ்டுடியோ பேரைத் தேடி இங்க அடிச்சாங்க. பதினஞ்சு நாளாச்சு."

"என்ன சொன்னீங்க?"

"அவ கண்டிப்பா வருவான்னு சொன்னேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க? நான் போறேன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"நீதான் சொல்லவே மாட்டேங்கறியே."

"போகாதேன்னு ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயில?"

"தினம் வந்துச்சு," என்றார். "சொன்னா நீ இருந்துடுவே. அதான் சொல்லல."

நான் அழுதேன். இருட்டு என்பதால் தாராளமாகவே அழுதேன். இவர் குரலும் சரியாக இல்லை. போகத்தான் போகிறேன் என்பது அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. இவருக்கு அது பதினைந்து நாள் முன்பே தெரிந்திருக்கிறது.

"சரி, இதைச் சொல்லிக் குடு," என்றார்.

இவர் விரலை எடுத்து வெட்டின் மேல் வைத்தேன். ஃபிலிமைத் திருப்பச் சொன்னேன். ஹோல்டரின் இரண்டு ஓரத்துத் தகட்டு விளிம்புக்கும் அடியில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அமுக்கக் கூடாது என்றேன். இரண்டு தரம் மடங்கியது. மூன்றாவது தரம் எங்கும் முட்டாமல் உள்ளே போனது, ஒரு சின்ன உரசல் சத்தத்தோடு. மூடியை இறக்கப் போனவர் கையைத் தடுத்து, நான் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். வெட்டு இருக்க வேண்டிய மூலையில் இருந்தது. ஓரங்கள் இரண்டும் அடங்கியிருந்தன. நான் போட்டிருந்தாலும் இவ்வளவுதான்.

"சரியா இருக்கா?" என்றார்.

"இல்ல," என்றேன். "தப்பு. எடுத்துட்டு மறுபடியும் போடுங்க."

இவர் அசையவில்லை. "நிஜமாத்தானே சொல்றே?"

"ஏன், என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்றேன்.