ஆடிட்டு நாளின் பிள்ளைகள்

"அம்மா, இந்த ரூம்பு நாளைக்கும் தொறந்திருக்குமா?"

மூன்று வயது மகள் இனியா கேட்டபோது, சரிதா அவளைப் பாயில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் துண்டு நெய்யும் மில் அது. 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை மாட்டிய அந்த அறையில் வருடம் முழுக்க நூல் மூட்டைகள்தான் கிடக்கும். துண்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, மில்லில் வசதிகள் சரியாக உண்டா என்று பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் நாளில் மட்டும் மூட்டைகள் வெளியே போகும், பாயும் பொம்மையும் உள்ளே வரும். பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டி வரவேண்டும். படம் எடுப்பார்கள். மறுநாள் பூட்டு.

சரிதாவின் கணவன் போர்வெல் லாரியோடு வடக்கே போய் ஐந்து மாதம் ஆகிறது. பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வர மனம் கேட்காமல், ஒருநாள் துண்டுக் கட்டுகளுக்கு நடுவே படுக்க வைத்தாள். மேனேஜர் கௌதமன் பார்த்துவிட்டான்.

"யாரு புள்ளை இது? கூட்டியாந்தவ இப்பவே கணக்கு முடிச்சுட்டுப் போகோணும்!"

முந்தைய ஆடிட்டில் அதே பிள்ளையை மடியில் வைத்துப் படத்துக்குச் சிரித்தவன் அவன். பிள்ளையின் முகம் அவனுக்கு நினைவில்லை.

பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த ரோசி எழுந்தாள். சரிதாவுக்கு உறவு ஒன்றும் இல்லை; வயது ஐம்பத்தைந்து, முட்டிவலி வேறு. "எம் பேத்திதானுங்க. நாந்தான் கூட்டியாந்தேன்."

பழைய ஆள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மடிப்பு மேஜையிலிருந்து எடுத்து, தறிகளுக்கு அடியில் குனிந்து பஞ்சுத்தூசி கூட்டப் போட்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை எங்கே விடுவாள் என்று கேட்க அந்த மில்லில் ஒரு வாய் இல்லை. தண்டிக்க மட்டும் வாய் இருந்தது.

அடுத்த ஆடிட்டு நெருங்கியது. "நாளைக்குப் புள்ளைங்களோட வாங்க. போன தடவை மாதிரி மூக்கு ஒழுகிட்டு வரக்கூடாது" என்றான் கௌதமன்.

"மூக்கைக் கழட்டி ஊட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்றோமுங்க" என்றாள் கூட வேலை செய்யும் தேவிப்ரியா. பெண்கள் சிரித்தார்கள்.

சரிதா சிரிக்கவில்லை. "எம் புள்ளை வாடகைக்கு இல்லீங்க."

சரிதா சொன்னதை மற்றவர்களும் ஏற்றார்கள்; மறுநாள் பிள்ளை உள்ள பதினான்கு பெண்களும் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாகவே வந்தார்கள். தேவிப்ரியாவின் தங்கை ஒரு நாளைக்கு மட்டும் இனியாவைப் பார்த்துக்கொண்டாள். ஆடிட்டுக்கு வந்த அம்மா காலிப் பாயைப் பார்த்துவிட்டு, "குழந்தைங்க எங்கே?" என்றார்.

"இன்னைக்கு அவங்க அம்மாமாரெல்லாம் லீவுங்க மேடம்" என்றான் கௌதமன்.

"லீவு இல்லீங்க" என்றாள் சரிதா. வேலை போய்விடும் என்று தெரிந்தும் சொன்னாள். "நாங்க எல்லாரும் இங்கதான் நிக்கறோமுங்க. இந்த ரூம்பு வருசத்துக்கு ரெண்டு நாள்தான் தொறக்கும். மத்த நாளெல்லாம் இது நூல் மூட்டைக்குத்தானுங்க."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். காப்பகம் தினமும் நடக்காவிட்டால் ஆர்டர் இல்லை என்று கடிதம் வந்தது. முதலாளி தலை குனிந்து மூட்டைகளை எடுக்கச் சொன்னார். சரிதாமேல் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. பிள்ளைகளைப் பார்க்க முத்தாயம்மாள் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். பயத்தில் வந்த நல்லதுதான். ஆனாலும் அவள் ஊட்டிய பருப்புச் சோற்றில் அந்தப் பயம் கலந்திருக்கவில்லை.

ரோசி மட்டும் தறிக்கு அடியிலேயே இருந்தாள். மேஜைக்கு மாற்றச் சொல்லி சரிதா இரண்டு முறை கேட்டும் கௌதமன் அசையவில்லை.

காப்பகம் ஐந்தரைக்கே திறந்தது. பிள்ளையை விட்டுவிட்டு சரிதா தறிக்கூடத்துக்குப் போனாள். ஷிப்ட் தொடங்க அரை மணி இருந்தது. ஆள் அரவம் இல்லை. ரோசி கூட்ட வேண்டிய வரிசையில் பன்னிரண்டு தறிகள். ஒவ்வொன்றின் அடியிலும் மண்டியிட்டுப் பஞ்சை வழித்து, சாக்கில் அடைத்துக் கட்டினாள். சேலையில் ஒட்டியதைத் தட்டிவிட்டுப் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் முதல் பேருந்தில் வந்த பெண்களின் பேச்சுக் குரல் வாசலில் கேட்டது.