ஆடிட்டுக்கு வைத்த பச்சை

காலையில் வண்டியை ஸ்டாண்டில் போட்டதும் சசிரேகா முதலில் பார்ப்பது போனில் ஒரு வெப்சைட்டைத்தான். கோயம்புத்தூரில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி அது. பிரஸ்மித்ரா என்ற சாஃப்ட்வேரைச் செய்தவர்கள். ‘புதிய விண்டோஸுக்கான பதிப்பு விரைவில்’ என்று அங்கே ஒரு வரி கிடந்தது. தீபாவளிக்கு முன்னால் போட்ட வரி. பொங்கல் போய், பங்குனியும் வந்துவிட்டது, அந்த ‘விரைவில்’ மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

“இன்னா மேடம், மாப்ள இன்னும் வரலியா?” என்பான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வெங்கடேசன். அவளும் சிரித்து வைப்பாள். அவள் பயம் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது!

வல்லம் வடகாலில் கார் பாகம் அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவள் பராமரிப்பு இன்ஜினியர். அங்கே ஒரு கிழட்டு பிரஸ் மெஷின் உண்டு. எவனோ ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்டதை இவர்கள் வாங்கிப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். தகட்டைக் கையால் உள்ளே வைத்துப் பட்டனை அமுக்கினால் மேலிருந்து இரும்புக் கட்டை இறங்கி அடித்துவிட்டு, மறுபடி மேலே போய் நிற்கும். பிரேக் தேய்ந்துபோனால் நிற்காது, யாரும் கேட்காமலே இன்னொரு முறை இறங்கும். அப்போது கை உள்ளே இருந்தால் கை போய்விடும், அவ்வளவுதான்.

பிரஸ்மித்ராவுக்கு வேலை அந்த பிரேக்கைக் கவனிப்பது ஒன்றே. கட்டை ஒவ்வொரு முறையும் எவ்வளவு தாமதமாக நிற்கிறது என்று அளந்து, மெஷின் பக்கத்துத் திரையில் பச்சை காட்டும். தாமதம் கூடினால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. சசிரேகாவுக்கு அதன்மேல் உயிர். அந்த மெஷினை நம்பி ஆள் நிறுத்த அவளுக்குத் தைரியம் கொடுத்ததே அதுதான்.

புது விண்டோஸுக்கு மாறாத கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து வெட்டிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் மிரட்டிக்கொண்டே இருந்தது. அவள் கெஞ்சிக் கூத்தாடித் தள்ளிப்போட்டாள். போன மாதம் அவர்கள் பொறுமையும் தீர்ந்தது. வெங்கடேசன் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போனான். மெஷினில் பதித்த சென்சார் தன் பாட்டுக்கு அளந்து சேமித்துக்கொண்டிருந்தது. பழைய பிரஸ்மித்ரா புது விண்டோஸில் திறக்கவில்லை, அளந்ததைப் படித்துச் சொல்லத்தான் யாரும் இல்லை. திரை கறுப்பாகிவிட்டது.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். “டெஸ்டிங்ல இருக்குதுங்க மேடம், அடுத்த வாரம் கண்டிப்பா குடுத்தர்றோமுங்க” என்றது ஒரு பையன் குரல். அடுத்த வாரமும் அதையே சொன்னது.

உற்பத்தி மேனேஜர் ஜீவானந்தத்திடம் போய் நின்றாள். “சார், பிரேக் எப்டி கீதுன்னே தெரியாம ஓட்டிக்கினு இருக்கோம். அது வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கலாம் சார்.”

“ஒரு சாஃப்ட்வேர் வரலன்னு லைன நிறுத்துனா கஸ்டமருக்கு நீ பதில் சொல்றியா? கையை உள்ள விடாதீங்கடா, இடுக்கியால வைங்கன்னு சொல்லு. முடிஞ்சுது.”

அப்படியே சொன்னாள். ஆபரேட்டர்கள் முணுமுணுத்துக்கொண்டு இடுக்கியை எடுத்தார்கள்.

அப்புறம் ஆடிட் வந்தது. கார் கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும்போது அந்தத் திரை கறுப்பாக இருக்கக் கூடாதாம். எப்படியாவது சமாளி என்றார் ஜீவானந்தம். சசிரேகாவிடம் பழைய ஸ்கிரீன்ஷாட் ஒன்று இருந்தது. அளவுகள் எல்லாம் ஒழுங்காக, நடுவில் பெரிய பச்சை வட்டத்தோடு. அதைத் திரை முழுக்க வைத்தாள். வந்தவர்கள் பார்த்துத் தலையை ஆட்டி, டிக் போட்டு, பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். ஆடிட் என்றால் இந்தப் பக்கம் எல்லா ஷெட்டிலும் இப்படி ஏதாவது ஒரு கூத்து நடக்கும், யாருக்கும் அது பொய்யாகவே படாது. மறுநாள் அவள் படத்தை எடுக்கப் போனாள். “இருக்கட்டும்மா, பாக்க நல்லாத்தான கீது” என்றார் ஜீவானந்தம். இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இதெல்லாம் நடந்தபோது அந்த பிரஸ்ஸை ஓட்டும் இசக்கிபாண்டி இங்கே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்று ஊருக்குப் போனவன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே அங்கேயே தங்கிவிட்டான். இன்று காலைதான் திரும்பியிருந்தான், நெற்றி நிறைய அம்மன் கோயில் மஞ்சணைப் பூச்சோடு.

“எக்கா, நல்லாருக்கியளா? மெஷின் எப்படி, நல்லா ஓடுதா?” என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தான். “பச்சயாத்தான் இருக்கு. ரைட்டு.”

வேலைக்குச் சேர்ந்த நாளில் அவள் அவனுக்குச் சொன்ன ஒரே பாடம், பச்சையைப் பார்க்காமல் கையை உள்ளே வைக்காதே என்பது. அது படம் என்று சொல்ல இப்போது வாயெடுத்தாள். பின்னாலேயே ஜீவானந்தம், கார் கம்பெனி ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த ஆள் காதில் விழுந்தால் வேலைக்கே உலை. டீ டயத்தில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நகர்ந்துவிட்டாள்.

ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்ததும் மெயில் வந்தது. புதிய பதிப்பு தயார். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலில் தன் கம்ப்யூட்டரிலேயே இறக்கிப் பார்த்தாள். பழைய முகம் அப்படியே திறந்தது. சென்சார் சேமித்து வைத்திருந்த அளவுகள் ஒவ்வொன்றாக வந்து விழ, கோடு இடமிருந்து வலமாக வளர்ந்தது. கொஞ்ச தூரம் பச்சை. அப்புறம் மஞ்சள். ஆடிட் நடந்த அன்றைக்கே மஞ்சள்தான். முந்தாநாளிலிருந்து சிவப்பு.

ஷெட்டுக்குப் போன் போட்டாள், அந்தச் சத்தத்தில் எவன் எடுப்பான்? ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. பாதி தூரம் வரை பிரஸ் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று சீராக. அப்புறம் சேர்ந்தாற்போல இரண்டு கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

இசக்கிபாண்டி தரையில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் வலது கையைச் சட்டையால் சுற்றியிருந்தார்கள். சட்டை நனைந்து சொட்டியது. இடுக்கி மெஷின் மேலேயே இருந்தது. அவளைக் கண்டதும் அவன் பதறிக்கொண்டு எழப் பார்த்தான்.

“எக்கா, பாக்காம வைக்கலக்கா. சத்தியமா பாத்துட்டுத்தான் வச்சேன். பச்சயாத்தான் இருந்துது, இந்தா இப்பவும் பச்சயாத்தான் இருக்கு. என் தப்பு இல்லன்னு நீங்கதான் மேனேஜர்ட்ட சொல்லணும். வேலைய விட்டுத் தூக்கிராம.”

“அந்த மானிட்டர ஆஃப் பண்ணு” என்றார் ஜீவானந்தம் யாரிடமோ, குரலைத் தாழ்த்தி.

சசிரேகா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “அது படம் இசக்கி. ஆடிட்டுக்காக நான் வெச்ச படம்.”

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “காலைல நான் கேட்டப்பவும் படந்தானாக்கா?”

“ஆமா” என்றாள்.