தொலைந்தால் சவுண்ட் மேடை

நான் பொய்ப்பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி, ஒரு முழு வாயைச் சின்னப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவேன். பதினாறு வருடமாக இதே வேலை. அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. என் தோழிகள் மூன்று பேரும் என்னைப் பல்லி என்று கூப்பிடுவது இதனால்தான். கேட்பவர்களுக்குத் திட்டுவது மாதிரி இருக்கும். எனக்கோ, இது நடந்த சமயத்தில், அதை நேரில் கேட்டு நாலு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்றுதான் ஏக்கம்.

அந்த மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் நிஜமாகவே வக்கீல், படிக்கும்போதே அப்படித்தான் பேசுவாள். டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள், வகுப்பில் குரலை உயர்த்தவே மாட்டாள், ஆனால் ஹெவி மெட்டல் பாடகர் தொண்டை கிழிய உறுமினால் கூடவே உறுமுவாள். குட்டை எங்களில் உயரமானவள், கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறாள். கல்லூரி விடுதியில் நாங்கள் நாலு பேரும் ஒரே அறை. எங்கள் டேப்பிலிருந்து வந்த சத்தத்தைப் பற்றிப் பக்கத்து அறைக்காரிகள் புகார் கொடுக்க, வார்டன் வந்து கதவருகே கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

முதல் கச்சேரிக்குப் போன அன்று டீச்சர் கூட்டத்தில் காணாமல் போனாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தேடப் போய் ஒருவரை ஒருவர் தொலைத்ததுதான் மிச்சம். மைதானம் காலியான பிறகு வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கே வக்கீல் சட்டம் போட்டாள். யார் தொலைந்தாலும் எல்லோரும் சவுண்ட் மேடைக்கு வந்துவிட வேண்டும். மைதானத்தின் நடுவில் கம்பித் தடுப்புக்குள், ஒலியைக் கூட்டிக் குறைக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்த இடம். எந்த ஊர்க் கச்சேரியிலும் அது உண்டு, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அங்கே முதலில் வந்து சேர்ந்தவள் என்ன ஆனாலும் நகரக் கூடாது. போன் பண்ணலாமே என்று கேட்பவர்கள் இந்த மாதிரிக் கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அங்கே சிக்னல் செத்துவிடும், கிடைத்தாலும் காது கேட்காது. அதற்கப்புறம் எட்டுக் கச்சேரிகள் போனோம், ஐந்தில் தொலைந்தோம், ஐந்திலும் அங்கேதான் சேர்ந்தோம்.

அப்புறம் என் அப்பா படுத்த படுக்கையானார். அண்ணன் வெளிநாட்டில். அண்ணி வீடியோ காலில் வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். மற்றதெல்லாம் என் தலையில். லேப், வீடு, அப்பா என்று நாலு வருடம் ஓடியது. முதல் வருடம் ஒரு கச்சேரி அறிவிப்பு வந்தபோது, என்னால் முடியாது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று வக்கீலிடம் சொன்னேன்.

"நீ இல்லாம நாங்க மட்டும் போயி என்னடி பண்றது? போனா நாலு பேரும் போவோம். இல்லன்னா வேணாம், விடு."

ஒவ்வொரு அறிவிப்புக்கும் இதையே சொன்னாள். நான் கெஞ்சியும் பார்த்தேன். என்னால் மூன்று பேர் ஆசையை அடக்கிக்கொண்டு வீட்டில் கிடக்கிறார்களே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சியில் ஒரு சுகமும் இருந்தது. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போடும்போது, எனக்காகவும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாலு வருடத்தை நான் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

அப்பா போய் எட்டாவது மாதம் வக்கீல் கூப்பிட்டாள். "பல்லி, டிக்கெட் போட்டாச்சு. நாலு." மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு லேப்பிலேயே அழுதேன். கூட வேலை செய்கிற பையன்கள் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து மின்விசிறியை நிறுத்தினார்கள். உண்மையைச் சொன்னால் கச்சேரிகூட எனக்கு இரண்டாம்பட்சம். நாலு பேரில் ஒருத்தி என்ற அந்த இடம் இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது. அதுவும் போய்விட்டால் போக எனக்கு வேறு இடம் கிடையாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரயிலில் நாலு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். குட்டைக்கு நரை விழுந்திருந்தது. வக்கீலுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று போயிருந்தது, சிரித்தால் எனக்கு மட்டும் தெரியும். டீச்சர் காதில் அடைத்துக்கொள்ளும் பஞ்சுக்குப் பதிலாக ரப்பர் அடைப்பான்கள் கொடுத்தாள், ஆளுக்கு ஒரு ஜோடி. அவளுடையது மட்டும் பழசாகி நிறம் மங்கியிருந்தது.

"இதெல்லாம் எப்ப பழகுன?" என்று கேட்டேன்.

"வகுப்புல பசங்க போடுற சத்தத்துக்குத்தான்," என்றாள். குட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மைதானத்துக்கு வெயில் தாழ்வதற்குள் போய்விட்டோம். எங்களைச் சுற்றி எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள், அப்பழுக்கில்லாத பற்கள். முதலில் வாசித்த குழு சுமார்தான். அது முடிந்து, நாங்கள் எதற்காக வந்தோமோ அந்தக் குழு மேடையேற இருபது நிமிடம் இருந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன், இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். வரிசை நகரவே இல்லை. திரும்பி வந்தபோது கூட்டம் முன்பக்கம் நெருக்கித் தள்ளியிருந்தது. நான் விட்டுப்போன இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

எனக்குப் பயமே வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பழையபடி தொலைந்துவிட்டேன், பழையபடி போய்ச் சேர்ந்துகொள்வோம். இடித்துப் பிடித்துக்கொண்டு சவுண்ட் மேடைக்கு வந்தேன். யாரும் வந்திருக்கவில்லை. நான்தான் முதல் ஆள், ஆக நகரக் கூடாது. கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

விளக்கெல்லாம் அணைந்தது. குழு மேடையேறியது. டிரம்மின் முதல் அடியிலேயே என் கீழ்த்தாடை அதிர்ந்தது. ஆனால் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றால் வருகிறவர்களைப் பார்க்க முடியாது. அதனால் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன். மின்னி மின்னி அணையும் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து திறந்து மூடின. அதில் மூன்று முகத்தைத் தேடினேன். நாலாவது பாட்டு வரைக்கும் கோபம், எங்கே போய்த் தொலைந்தார்கள் இவர்கள் என்று. அதற்கப்புறம் பயம், நெரிசலில் யாராவது விழுந்திருப்பார்களோ என்று. ஏழாவது பாட்டில்தான் அந்த எண்ணம் வந்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருப்பார்கள். நான் இல்லை என்பதே ஞாபகம் இருக்காது.

கம்பிக்கு அந்தப் பக்கம் பொத்தான்களை நகர்த்திக்கொண்டிருந்த சவுண்ட்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு செலவழித்து வந்து மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாளே என்று நினைத்திருப்பார். ஒரு கட்டத்தில் கம்பி வழியாக ஒரு பிஸ்கட் நீட்டினார். வாங்கித் தின்றேன். விடுதியில் நாங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு பாடுகிற பாட்டு கடைசியில் வந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது போனுக்கு உயிர் வந்தது. வக்கீல்தான்.

"எங்கடி இருக்க? உயிரே போயிடுச்சு எங்களுக்கு."

"சவுண்ட் மேடைகிட்ட. ஒன்றரை மணி நேரமா. நீங்க எங்க இருக்கீங்க?"

"நாங்க முதலுதவி டென்ட்கிட்ட," என்றாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இங்கதான நிக்கணும்." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். பின்னால் குட்டையின் குரல் கேட்டது: "ஐயோ, அவளுக்கு இது தெரியாதுடி."

மைதானத்தின் கடைக்கோடியில், மேடையே கண்ணுக்குத் தெரியாத மூலையில் அந்தக் கூடாரம் இருந்தது. மூன்று பேரும் அங்கே நின்றார்கள். அவர்களும் ஒரு பாட்டுகூடப் பார்க்கவில்லை. டீச்சரின் முகம் அழுது வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் கட்டிக்கொள்ளவில்லை.

"எப்பலேர்ந்து இது?" என்றேன்.

வக்கீல் தரையைப் பார்த்தாள். கோர்ட்டில் அவள் அப்படி நின்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "மூணு வருஷமா. ஒரு தடவ சவுண்ட் மேடைகிட்ட நிக்க விடாம தொரத்திட்டாங்க. அதனால டென்ட்டுன்னு மாத்திக்கிட்டோம்."

"எத்தன தடவ போனீங்க?"

"ஆறு."

"உன்கிட்ட சொன்னா கஷ்டப்படுவியேன்னுதான்டி," என்றாள் குட்டை. "நீ அங்க அப்பாவோட அல்லாடிக்கிட்டு இருக்க, நாங்க இங்க ஆட்டம் போட்டுக்கிட்டு இருக்கோம்னு எப்படிச் சொல்றது? போட்டோகூட எடுக்கமாட்டோம், எங்கயாவது உன் கண்ணுல பட்டுடும்னு. போனதையே சொல்லல. அப்புறம் இடத்த மாத்துனத மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?"

அவர்கள் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. போங்கள் என்று நானே கெஞ்சியிருக்கிறேன். எனக்காக ஒன்றரை மணி நேரம் மூலையில் நின்று கச்சேரியை விட்டிருக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் நாலு வருடம் மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள் என்று நம்பினேன். யாரும் காத்திருக்கவில்லை. அந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். அது தெரியாமல் இருந்ததால்தான் தாங்க முடிந்திருக்கிறது.

லாட்ஜ் அறையில் பல் விளக்க முறை வைத்துப் போனோம். நாலு கட்டிலில் சுவரோரக் கட்டில் எனக்கு விட்டிருந்தார்கள், விடுதியில் நான் படுப்பது மாதிரியே. நன்றி என்று சொன்னேன். அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. டீச்சர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை ரயிலில் டீ வாங்கினோம். ஆளாளுக்கு டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்படியே வீடு வரைக்கும் போனால் அடுத்த டிக்கெட் எனக்கு வராது, அல்லது பாவம் பார்த்து வரும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

"சரி, சொல்லுங்க," என்றேன்.

"என்னத்தடி?" என்றாள் குட்டை.

"அந்த ஆறு கச்சேரியையும். ஒண்ணு விடாம."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குட்டைதான் ஆரம்பித்தாள். முதல் கச்சேரியைச் சாட்சி சொல்வது மாதிரி சொன்னாள், வாக்கியத்துக்கு வாக்கியம் "உன்னத்தான் நெனச்சுக்கிட்டோம்" என்று சேர்த்துக்கொண்டு. இரண்டாவதில் வக்கீல் குறுக்கே புகுந்து, பாடினது அந்தப் பாட்டில்லை, இது என்று திருத்தினாள். மூன்றாவது வந்தபோது மன்னிப்புக் கேட்பதை மறந்துவிட்டார்கள். ஒருத்தி தொடங்க இன்னொருத்தி முடித்தாள். பாதிப் பேச்சு எனக்குப் புரியவில்லை, அவர்களுக்குள் ஏதோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பேரும் சிரித்தார்கள். யாராவது என் பக்கம் திரும்பும்போது நானும் சிரித்து வைத்தேன்.

நாலாவது கச்சேரியில் பேய் மழை. சேற்றில் டீச்சரின் ஒரு ஷூ புதைந்துபோய், நோண்டி எடுக்க முடியாமல், ஒற்றை ஷூவோடு ரயிலேறியிருக்கிறாள். டிக்கெட் பரிசோதகர் வந்து டிக்கெட்டைப் பார்க்காமல் அவள் காலையே பார்த்துக்கொண்டு நிற்க, இவள் வகுப்பில் சொல்கிற மாதிரி பணிவாக, "இன்னொண்ணு வந்துக்கிட்டு இருக்கு சார்," என்றிருக்கிறாள். எதிர் இருக்கைக்காரர் பேப்பரை இறக்கிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். எனக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். "நீ இருக்கியே, ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, அந்தாளு போற வரைக்கும் சிரிப்ப அடக்கிக்கிட்டு உக்காந்திருந்த. தோளு மட்டும் குலுங்குது. ஞாபகம் இருக்கா?"

குட்டையின் சிரிப்பு நின்றது. வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா," என்றேன். "அடக்கவே முடியல."

டீச்சர் ஒன்றையும் கவனிக்கவில்லை. டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். ஐந்தாவதிலும் என்னை எங்காவது உட்காரவைப்பாளா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.