ரூபனின் ஞானஸ்நானம்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக, தையல் பிசகிய ஜோடி ஒன்று பிரிசில்லாவின் கண்ணுக்குத் தப்பிப் போய்விட்டது. ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்பவள் அவள். தோலின்மேல் விரலை ஓட்டியே தையல் எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர் திட்டவில்லை. “உடம்பு முடியலன்னா லீவு போட்டுக்கோம்மா” என்று ஜோடியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு அதுவே திட்டு வாங்கியதுபோல் இருந்தது.

பக்கத்து மேசையில் நின்ற ரஃபத் ஜஹான் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “இன்னா ஆச்சு உனக்கு? நாலு நாளா ஒரு மாதிரியா இருக்கற.”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாததுக்கா மூணு ஜோடி தப்பிப் போச்சு?”

பிரிசில்லா சுற்றுமுற்றும் பார்த்தாள். “அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வர ஞாயிறு, நான் திரும்ப ஞானஸ்நானம் எடுக்கணுமாம். எங்க வூட்டுக்காரர் சபையில.”

“அதான் கொழந்தையிலயே கோயில்ல குடுத்திருப்பாங்களே.”

“அது செல்லாதாம்.”

ரஃபத்துக்குப் புரியவில்லை. மேலே கேட்கவும் இல்லை. தன் மேசையில் இருந்த ஜோடிகளை முடித்துவிட்டு, பிரிசில்லாவின் பக்கம் குவிந்திருந்ததில் பாதியை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

செல்லாது என்று சொன்னது பிரேம்நாத். பிரிசில்லாவின் கணவன். வேறொரு கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை. இருவரும் ஒரே மிஷன் கோயிலில் வளர்ந்தவர்கள், ஒரே பாடகர் குழுவில் நின்றவர்கள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை ரூபனை மூன்றாம் மாதம் அதே கோயிலுக்கு ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போனார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று ஆயர் மூன்று முறை நெற்றியில் தண்ணீர் விட, அவன் மூன்று முறையும் தும்மினான். நான்கு வயதில் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் இல்லை.

அதற்கப்புறம் நான்கு வருடம் பிரேம்நாத் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். கோயிலுக்குப் போவதை விட்டான். சாப்பிடும்போதும் ஜெபிக்கவில்லை. ஒருநாள் தன்னுடன் வேலை செய்யும் ஒருவர் கூப்பிட்டார் என்று பாஸ்டர் சுப்பராயனின் சபைக்குப் போனவன், வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பாட்டை முணுமுணுத்தான். அன்றைக்குப் பிரிசில்லா சமையற்கட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன்னால் முடியாததை அந்தச் சபை செய்துவிட்டதே என்று அதன்மேல் அவளுக்கு நன்றி இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அந்தச் சபையின் போதனை இதுதான்: கடவுள் ஒருவரே, அவருக்குள் மூன்று ஆட்கள் இல்லை. பிதாவாக இருந்தவரே மாம்சத்தில் இயேசுவாக வந்தார், அவரே ஆவியாக நமக்குள் இருக்கிறார். பிதா, குமாரன், ஆவி என்பவை பட்டங்கள். பெயர் ஒன்றுதான், இயேசு. அந்தப் பெயரில் தண்ணீருக்குள் முழுகாதவன் ஞானஸ்நானம் பெற்றவனே இல்லை. போன வருடம் மாதனூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் பம்பு செட் தொட்டியில் பிரேம்நாத் முழுகி எழுந்தான். இப்போது அவள் முறை.

போன வியாழக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. எனக்குக் கொடுத்தது செல்லாது என்றால் ரூபனுக்குக் கொடுத்ததும் செல்லாது. செல்லாது என்றால்? அதற்குமேல் மனசு போகவில்லை. போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவள் இன்னும் போய்வரும் மிஷன் கோயிலில் ஆராதனை முடிவில் இயேசுவின் கிருபையும் பிதாவின் அன்பும் ஆவியின் ஐக்கியமும் என்று மூவரையும் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொன்னால் பிரேம்நாத்தின் கடவுளுக்கு விரோதமோ? சொல்லாவிட்டால் மூவர் பேரில் ரூபனை ஏற்றுக்கொண்டவருக்கு விரோதமோ? சோற்றில் உப்பு போட்டோமா என்பதுகூட மறந்துபோகிற அளவுக்கு ஆனது.

அந்த நேரத்தில்தான் விவாதக் கூட்டத்தின் நோட்டீஸ் எல்லார் போனிலும் வந்தது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, பைபாஸ் ஓரக் கல்யாண மண்டபம், ‘தேவன் ஒருவரா, திரியேகரா?’ ஒரு பக்கம் பாஸ்டர் சுப்பராயன். மறுபக்கம், மூவரும் சேர்ந்து ஒரே கடவுள் என்னும் மிஷன் கோயில்கள் சார்பில் வேலூரிலிருந்து ஆயர் ஸ்டான்லி. முடிவில் சபையார் சீட்டில் எழுதிக் கொடுக்கும் கேள்விகளுக்குப் பதில். சீட்டுகளைப் படிக்கும் பொறுப்பு பிரேம்நாத்துக்கு. இரண்டு பக்கத்தாரையும் தெரிந்தவன் என்பதால் அவனைப் போட்டார்கள்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. மிஷன் கோயில் ஆட்கள் இடப்பக்கம், சபைக்காரர்கள் வலப்பக்கம் என்று தானாகவே பிரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிரிசில்லா எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல், கடைசியில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.  

இரண்டு பேரும் நன்றாகவே பேசினார்கள். “இயேசு ஞானஸ்நானம் எடுத்து யோர்தான் ஆத்துல நிக்கிறார். வானத்துலேர்ந்து சத்தம் வருது. புறா இறங்குது. மூணு பேரும் அங்கதான இருக்காங்க? குமாரன் தனக்குத் தானேவா ஜெபம் பண்ணிக்கிட்டாரு?” என்று ஆயர் ஸ்டான்லி கேட்டபோது அவளுக்கு ஆமாம் என்றிருந்தது. “ஞானஸ்நானம் குடுங்கன்னு இயேசு சொன்ன வசனத்துல மூவரோட நாமங்கள்னு சொல்லல, நாமம்னு ஒருமையில சொல்லியிருக்கு. அப்போஸ்தலர்கள் இன்னா செஞ்சாங்க? இயேசுவின் நாமத்துலதான் குடுத்தாங்க. அவங்களுக்கு விளங்காததா நமக்கு விளங்கிடுச்சு?” என்று பாஸ்டர் சுப்பராயன் கேட்டபோதும் ஆமாம் என்றிருந்தது. ஆமாம், ஆமாம் என்று இரண்டு பக்கமும் இழுபட்டாள்.

சீட்டு வந்தது. எழுத வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை. முன்னால் இருந்த பெண் பேனாவை நீட்டியதும் வாங்கிவிட்டாள். எழுதினாள்: ‘நாலு வயதில் இறந்துபோன குழந்தைக்கு மூவர் பேரில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தது. அது செல்லாது என்றால் அந்தக் குழந்தை இப்போது எங்கே இருக்கிறது?’ பெயர் போடவில்லை. மடித்துக் கொடுத்த பிறகுதான் யார் படிக்கப்போகிறார் என்பது ஞாபகம் வந்தது. எழுந்து போய்த் திரும்ப வாங்கிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் பெட்டி மேடைக்குப் போய்விட்டது.

ஐந்தாவது சீட்டைப் பிரித்த பிரேம்நாத், “நாலு வயதில்” என்று படித்து நின்றான். மைக்கில் அவன் மூச்சு கேட்டது.

“பிரதர், படிங்க” என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

அவன் கூட்டத்தில் எங்கேயும் பார்க்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டு முழுவதையும் படித்தான்.

பாஸ்டர் சுப்பராயன் எழுந்தார். “கொழந்தைங்களுக்கு நன்மை தீமை தெரியாது. தேவன் நீதியுள்ளவர். அந்தக் கொழந்தைய அவர் பார்த்துக்குவார். ஆனா சத்தியத்தத் தெரிஞ்சும் மறுக்கிற பெரியவங்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது.” வலப்பக்கம் கைதட்டியது.

ஆயர் ஸ்டான்லி விடவில்லை. “பார்த்தீங்களா! அப்ப உங்க ஞானஸ்நானம் இல்லாமலே ஒரு ஆத்துமா பரலோகம் போகலாம்னு ஒத்துக்கிறீங்க. அப்புறம் ஏன் எங்க ஜனங்களத் தொட்டியில முக்குறீங்க?” இடப்பக்கம் விசில் பறந்தது.

“கொழந்தைக்குப் பாவமே இல்லன்னா நீங்க ஏங்க ஆயரே தலையில தெளிக்கிறீங்க?” என்றார் சுப்பராயன். வலப்பக்கம் சிரிப்பு.

 ஒன்பது நாள் ஊசி ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போன அந்தச் சின்னக் கை பிரிசில்லாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. நான்தான் அவனைக் கொண்டுவந்து இவர்கள் நடுவில் போட்டேன். எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. 

“அந்தக் கொழந்தை பேரு ரூபன்.”

பிரேம்நாத்தான். ஆயர் மறுபடி வாயெடுத்தவர் நிறுத்தினார்.

“என் பையன். இதுக்குக் கை தட்டாதீங்க.”

 அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மைக்கை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, படியிறங்கி இரண்டு பக்கத்து நாற்காலிகளுக்கும் நடுவே நடந்து வந்தான். அவள் பக்கத்தில் வந்ததும், “வா, போலாம்” என்றான்.

வெளியே வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் வெயில் இன்னும் இருந்தது. அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் நின்றான். திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேட்டா நீங்க எதாவது பதில் சொல்லிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு.”

அவன் தலை குனிந்தான். “தொட்டியிலேர்ந்து எழுந்து கண்ணத் தொடைக்கிறேன், அப்பவே எனக்கும் அந்த நினைப்பு வந்துச்சு. எல்லாரும் அல்லேலூயா சொல்றாங்க. நான் இதயே நினைச்சுக்கிட்டு நிக்கறேன். அப்புறம் அமுக்கி வெச்சுட்டேன்.”

“ஒரு வருஷமாவா?”

“ஒரு வருஷமா.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“உன்னைத் தூங்கவிடாம அடிக்கிறதுக்கா?”

பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிரிசில்லா எல்லாத் தைரியத்தையும் திரட்டிச் சொன்னாள். “நான் முழுக மாட்டேங்க. எது சரின்னு எனக்குத் தெரியல. ஒருவேளை பாஸ்டர் சொல்றதே சரியா இருக்கலாம். ஆனா நான் முழுகினா, அவனுக்குக் குடுத்தது செல்லாதுன்னு நானே என் கையால கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். அத என்னால முடியாது.”

அவன் சாவியை வண்டியில் போட்டான். பிறகு, “சரி” என்றான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று வீடு வரும்வரை வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கம்பெனி வாசலில் மிஷன் கோயில் பெண்கள் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “நல்லா கேட்ட பிரிசில்லா! ஒரே கேள்வியில அவங்க வாய அடைச்சிட்ட.” அவள் கையை உருவிக்கொண்டாள். “நான் யார் வாயையும் அடைக்கக் கேக்கலக்கா. பதில் வேணும்னு கேட்டேன்” என்றாள். அவர்களுடைய முகம் சுருங்கிப் போனதைப் பார்த்ததும், இனி அங்கேயும் தன்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பாஸ்டர் சுப்பராயன் போன் செய்தார். பிரேம்நாத் ஸ்பீக்கரில் போட்டான்.

“பிரேம், அன்னிக்கு அது உன் பையன்னு எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.” குரலில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. கொஞ்சம் பொறுத்து, “ஞாயித்துக்கிழமை சிஸ்டர் வர்றாங்க இல்ல? பேரு குடுத்திருக்கோம்” என்றார்.

பிரிசில்லா அடுப்பை அணைத்தாள்.

“வரலீங்க பாஸ்டர்” என்றான் பிரேம்நாத்.

“உடம்பு எதாவது…”

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். அப்படித்தான் சொல்வான் என்று அவள் நினைத்தாள். அப்படிச் சொன்னால் போதும் என்றுகூட நினைத்தாள்.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவளுக்கு இஷ்டமில்ல. நானும் இனிமே கட்டாயப்படுத்த மாட்டேன்.”

 “ரெண்டு படகுல கால் வெக்கிற மாதிரி ஆயிடும், பிரேம். நான் ஜெபிக்கிறேன்” என்று சொல்லிப் போனை வைத்தார் பாஸ்டர்.

பிரேம்நாத் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான்கு வருட மௌனம் திரும்ப வந்துவிடுமோ என்று அவளுக்குத் திக்கென்றது. அந்தச் சபையை இவனிடமிருந்து நானே பிடுங்கிவிட்டேனோ?

“நீங்க போறத நிறுத்திடாதீங்க” என்றாள் அவசரமாக. “எனக்காக நிறுத்திடாதீங்க.”

“நிறுத்தல” என்றான். “மேடையில ஏத்த மாட்டாங்க. பரவால்ல, கீழ உக்காந்துக்கறேன்.”

பிறகு, ரூபன் போனதற்கப்புறம் முதல் முறையாக, அவனாகவே அந்தப் பேச்சை எடுத்தான். “கோயில்ல தண்ணி விட்டப்ப மூணு தடவையும் தும்மினான் இல்ல? ஆயர் கூட சிரிச்சிட்டாரு.”

“ஆமா. உங்க அம்மா சகுனம் சரியில்லன்னாங்க.”

“தும்மலுக்கு இன்னா சகுனம்” என்றான் அவன். சிரிக்கப் போனவனின் முகம் கோணிக்கொண்டது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சோறு ஆறும்வரை இருவரும் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு அவன் தன் சபைக்குப் போனான். உள்ளே அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் யாரும் அவளுக்கு நகர்ந்து இடம் விடவில்லை. ஓரமாக ஒட்டிக்கொண்டாள். ஆராதனை முடிவில் கிருபையும் அன்பும் ஐக்கியமும் என்று எல்லாரும் தொடங்கினார்கள். அவளும் மூவரின் பேரையும் ஒரு வார்த்தை விழுங்காமல், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கி, கடைசிவரை சொன்னாள்.