சிவப்பு விழாத இடம்

கோப்பை கைக்கு வந்த மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரைக்குடியில் வருஷா வருஷம் நடக்கும் செஸ் போட்டியில் பத்து வருஷமாக ஆடுகிறேன். ஒன்பது வருஷம் யார் யாரோ கோப்பை வாங்க, நான் கைதட்டிவிட்டு பஸ் ஏறினேன். அதில் நாலு தடவை வாங்கியவர் கண்டரமாணிக்கம் குழந்தைவேலு. இந்த வருஷம் கடைசிச் சுற்றில் அவரையே தோற்கடித்தேன். நான் அரைப் புள்ளி பின்னால் இருந்தேன், அதனால் டிரா ஆகியிருந்தால்கூட கோப்பை அவருக்குத்தான். நாற்பத்தோராவது நகர்த்தல் ஆனதும் அவரே ஆட்டத்தை விட்டு, எழுந்து கை கொடுத்தார்.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இருக்கிறது. குழந்தைவேலு இப்போது என் சம்பந்தி. அவர் மகள் சண்முகப்ரியாவை என் மகன் மருதுவுக்கு நிச்சயம் செய்து இரண்டு மாதம் ஆகிறது. அதுவரை "என்னய்யா கோட்டைச்சாமி, தூங்குறியா, காய நகட்டுய்யா" என்று ஆடிய மனுஷன், தட்டு மாற்றிய நிமிஷத்திலிருந்து "வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி" என்று எழுந்து நிற்கிறார். பெண் கொடுப்பவர்கள் எங்கள் பக்கம் அப்படித்தான். பந்தியில் முதல் இலை மாப்பிள்ளை வீட்டுக்கு, பேச்சில் கடைசி வார்த்தையும் மாப்பிள்ளை வீட்டுக்கு. அந்த மரியாதை செஸ் பலகைக்கும் வந்துவிட்டதா? விட்டுக்கொடுத்த கோப்பை என்று நாளைக்கு ஒருத்தன் சொன்னால் நான் எந்த முகத்தோடு வெளியே போவது?

திருப்பத்தூரில், எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை எனக்கு. ஆட்டத்தைக் குறித்த தாளைக் கடையில் விரித்து வைத்து, ஒவ்வொரு நகர்த்தலாகப் போனில் இருக்கும் செஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். குழந்தைவேலுவின் முப்பத்து நாலாவது நகர்த்தலில் கம்ப்யூட்டர் சிவப்பில் இரண்டு கேள்விக்குறி போட்டது. பிளண்டர். அதாவது படுமோசமான தப்பு.

தன் யானையால் என் சிப்பாயை வெட்டியதுதான் அந்த நகர்த்தல். ஓசியில் கிடைத்த சிப்பாயை வெட்டினால் என்ன தப்பு? அதற்குப் பதிலடியாக நான் என் ராஜாவை ஒரு கட்டம் மேலே ஏற்றி வைக்க வேண்டும் என்று அம்புக்குறி காட்டியது. சும்மா உட்கார்ந்திருந்த ராஜாவை எதற்கு எழுப்ப வேண்டும்? அரை மணி நேரம் முறைத்துப் பார்த்தும் விளங்கவில்லை. எனக்கு விளங்காமல் போகலாம், நாலு கோப்பை வாங்கியவருக்கு விளங்காதா? தெரிந்தேதான் தோற்றிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

என் மனைவி பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "தோத்தாலும் ஒங்களுக்குத் தூக்கம் வராது, செயிச்சாலும் வராது. சம்பந்தம் பேசுன வீட்டுல போயி வம்பு வளத்துட்டு வந்துராதீக" என்றாள். கடையைப் பூட்டிவிட்டுக் கண்டரமாணிக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் சண்முகப்ரியாதான் இருந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், நன்றாக செஸ்ஸும் ஆடுவாள்.

"வாங்க மாமா. அப்பா வயலுக்குப் போயிருக்காக, இப்ப வந்துருவாக."

போனை அவள் முன்னால் நீட்டினேன். "ஒங்கப்பா இதத் தெரிஞ்சு செஞ்சாரா, தெரியாமச் செஞ்சாரா? அத மட்டும் சொல்லுத்தா."

அவள் முகம் மாறியது. போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்குட்டுப் பாருங்க மாமா. சிப்பாய வெட்டுன யானைக்குத் திரும்பி வர வழியில்ல. அதுக்கு ஒரே காவல் அப்பாவோட ராணிதான். நீங்க யானைய மெரட்டுனதும் ராணி மொத வரிசைக்கு வந்துருச்சு. ஒங்க ராஜாவும் அதே வரிசையில இருந்தாரா, அது செக்காவும் ஆயிருச்சு. நீங்க செக்கப் பாக்குறதா, யானையப் புடிக்கிறதா?"

"சரி, மொதல்ல ராஜாவ மேல ஏத்தியிருந்தா?"

"அப்புறம் யானைய மெரட்டுனா ராணி வரும், ஆனா செக் இருக்காது. நீங்க குதிரையப் போடலாம். ஒரே அடியில ராணிக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து. கம்ப்யூட்டர் அதத்தான் சொல்லுது."

இப்போது விளங்கியது. "அப்ப நான் ஆடுனது?"

"அதுக்கும் ரெண்டு கேள்விக்குறி போட்டிருக்கு மாமா."

என் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. ஜெயித்தவன் தன் தப்பைத் தேடிக்கொண்டா இருப்பான்?

"ரெண்டு பேருக்குமே அது தெரியல" என்றாள். "வேணும்னு விட்டுக் குடுக்குறவுக, ஒங்க கண்ணுல படுற மாதிரில்ல குடுப்பாக?"

நியாயமான பேச்சு. மனசு குளிர்ந்துவிட்டது. "கடைசி வரைக்கும் தள்ளுத்தா, நான் எங்க செயிச்சேன்னு பாப்போம்" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு மாமா, காப்பி போடுறேன்" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்த்து வைத்ததுதான் உறுத்தியது. நானே எடுத்துத் தள்ளினேன். அதற்கப்புறம் நாற்பத்தொன்று வரை சிவப்பே இல்லை. ஆட்டம் முடிந்த இடத்தில், ஓரமாக ஒரு சைபர் இருந்தது.

"இது என்ன சைபர்?"

அவள் தரையைப் பார்த்தாள். "யாரும் செயிக்கலன்னு அர்த்தம் மாமா. அப்பா மாத்தி மாத்திச் செக் வச்சிருந்தா டிராதான்."

"அப்ப இங்க ஏன் சிவப்புப் போடல?"

"ஆட்டத்த விட்டுட்டு எந்திரிக்கிறது நகர்த்தல் இல்லையே. கம்ப்யூட்டர் காய நகட்டுறத மட்டுந்தான் பாக்கும்."

குழந்தைவேலு சேற்றுக் காலோடு வந்து, என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "வாங்க சம்பந்தி, ஒரு போன் போட்டிருந்தா..."

"இந்தச் செக் ஒங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று போனை நீட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது.

போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். செஸ்ஸில் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார்.

"பலகைய எடுங்க. இந்த எடத்துலருந்து ஆடுவோம். டிரா ஆச்சுன்னா கோப்பை இந்த வீட்டுக்கு."

"தாலி ஏறட்டும் சம்பந்தி" என்றார் மெதுவாக. "அப்புறம் எத்தன ஆட்டம் வேணும்னாலும் ஆடுறேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் சண்முகப்ரியாவைப் பார்த்தேன். அவள் போனையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டத்தில் தோற்றால் கல்யாணத்தையே நிறுத்திவிடுவான் என்று என்னைப் பற்றி இந்த வீட்டில் பேசியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சைபரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து அவர்கள் வீட்டு நடுவில் நின்று கத்துகிறவன், அதை எப்படிச் சொல்வது?